வாஷரைக் கழற்றிய நாள்

"கிளட்சுக்கு ஒரு வாஷர் சேத்துப் போட்டுக் குடுண்ணா."

சர்வீஸ் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் இதை முதல் வாரத்திலேயே கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்கள் நாளைக்குக் கேட்பீர்கள். திருத்தணி, பள்ளிப்பட்டு, எல்லை தாண்டி நகரி, புத்தூர் வரைக்கும் ஹேமர் டிரில்லிங் மெஷின் பிடிக்கிற ஆளெல்லாம் கேட்கிற ஒரே வரம் இதுதான். காரணம் வேடிக்கையானது. மெஷின் கான்கிரீட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி தட்டும், துளைக்கிற பிட் மாட்டிக்கொள்ளும். அந்த நொடியில் உள்ளே இருக்கிற கிளட்ச் நழுவி, 'கிர்ர்ர்' என்று கத்தும். மோட்டார் பாட்டுக்குச் சுற்றும், பிட் சுற்றாது. பக்கத்தில் நிற்கிற கொத்தனார் சும்மா இருப்பாரா? "இன்னாபா, உன் மெஷினு அழுவுது" என்பார். அவ்வளவுதான், ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிடும். மெஷினைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் ஓடி வருவார்கள்.

வாஷரைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பிரிங் இறுகிவிடும். கிளட்ச் நழுவாது. கம்பியில் பிட் மாட்டினால் பிட்டுக்குப் பதிலாக மெஷினே சுற்றும், அதைப் பிடித்திருக்கிற கையையும் சேர்த்துக்கொண்டு. மணிக்கட்டு போனவர்களை, தாடை பெயர்ந்தவர்களை, ஏணியோடு விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையெல்லாம் சொல்லி உங்களைப் பயமுறுத்த எனக்கு ஆசையில்லை. பயத்தால் வேலை கற்றுக்கொண்டவன் எவனும் உருப்பட்டதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. இத்தனை வருஷம் மெஷின்களைப் பிரித்து மாட்டிய நான், ஒரே ஒரு நாள் வாயடைத்துப் போய் நின்றேன். நான் வேலையை விட்டு ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால், ஓர் ஆடிக் கிருத்திகை சமயத்தில் நடந்தது.

தேசம்மா என்று ஒரு வாடிக்கையாளர் இருந்தாள். எனக்குத் தங்கை மாதிரி, அதனால்தான் இப்படி ஒருமையில் எழுதுகிறேன். கணவனும் மனைவியுமாகத் துளை போடுகிற வேலையைக் காண்டிராக்ட் எடுத்துச் செய்கிறவர்கள். வீட்டுக்காரர் வயர் இழுப்பார், ஏணி பிடிப்பார். மெஷின் இவள் கையில். வாய் இருக்கிறதே, பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினால் மலைமேல் இருப்பவர்களுக்குக் கேட்கும். வாஷர் போட மாட்டேன் என்று நான் அவளிடம் சண்டை போட்டு அனுப்பியிருந்தேன். அன்றைக்கு மோட்டாரில் தேய்ந்துபோன கார்பனை மாற்ற வந்தவள், வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாண்ணா, நீ போட மாட்டேன்னா ஊர்ல வேற ஆளே இல்லியா? நகரில போய் ரெண்டு வாஷர் போட்டுகினு வந்துட்டேன். இப்ப எந்தக் கம்பி வந்தாலும் மெஷினு அழுவாது!"

"மெஷினு அழுவாது. உன் மணிக்கட்டு?"

"எங்க, இந்தக் கையப் புடிச்சித்தான் பாரேன். எங்க வூட்டுக்காரரே இதுக்குப் பயப்படுவாரு."

கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கார்பனை மாற்றி மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து பேசினார்கள். அம்மையார்குப்பத்தில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் பரண் இடிந்து ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார். கான்கிரீட் அறுக்கிற பெரிய மெஷின் மாவட்டத் தலைமையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, ஆனால் கிருத்திகைக் கூட்டத்தில் வண்டி ஊர்கிறது. அதுவரைக்கும் தாங்காது. சின்ன ஹேமர் மெஷின் ஒன்று வேண்டும், ஓட்டத் தெரிந்த ஆளோடு.

நான் போனை வைப்பதற்குள் தேசம்மா மெஷினைத் தோளில் மாட்டிவிட்டாள். "கெளம்புண்ணா. வாயப் பாத்துகினு நிக்கிறியே!"

என் வண்டியில் போனோம். மெயின் ரோடு முழுக்க மஞ்சள் வேட்டியும் காவடியும். அரோகரா சத்தத்துக்கு நடுவில் ஹாரன் அடித்து என்ன பிரயோஜனம்? வயல்வழியாகச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். வழியெல்லாம் தேசம்மா பின்னால் உட்கார்ந்து முருகனிடம் பேசிக்கொண்டே வந்தாள். வேண்டிக்கொண்டாள் என்று சொல்ல முடியாது, அதட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அங்கே போனால், தெருவே கொட்டகை வாசலில் நிற்கிறது. உள்ளே நாங்கள் பார்த்ததைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் இதைப் பொறுத்துத்தான். சுவரிலிருந்து நீண்டிருந்த கான்கிரீட் பரண். அதன்மேல் நூல் மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். மழையில் ஊறி, பாரம் தாங்காமல் பரண் மடங்கிவிட்டது. ஒரு பக்கம் கம்பிகள் இன்னும் சுவருக்குள் இருந்தன. இன்னொரு பக்கம் கீழே இறங்கித் தறியின் இரும்புச் சட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. தறிச் சட்டத்துக்கும் அந்தக் கான்கிரீட் பலகைக்கும் நடுவில் தறிக்காரரின் வலது தொடை. பாரத்தில் பெரும்பங்கைச் சட்டம் தாங்கியதால் கால் நசுங்கவில்லை, மாட்டிக்கொண்டது. ஆனால் பலகை ஒரு விரல் அகலம் நகர்ந்தால் சட்டத்திலிருந்து வழுக்கி முழுப் பாரமும் தொடைமேல் இறங்கும். பின்னால் இருந்த சுவரோ வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

அந்தத் தறிக்காரரின் பெயரைச் சொல்ல மாட்டேன். பிறகு ஒருநாள், "என் பேரு எதுக்குண்ணா?" என்று அவரே கேட்டுக்கொண்டார். எனக்குக் கிளட்ச் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தீயணைப்பு அலுவலர் நிதானமான மனிதர். என்னைத் தனியே அழைத்து, கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார். "இடிச்சா அதிர்ச்சில சுவர் வந்துரும். அப்படியே தூக்கினா கம்பி சுவர இழுத்துரும். அதனால பலகைக்குக் குறுக்க வரிசையா துளை போடுங்க. துளைக்கு நடுவுல கம்பி தெரியிற எடத்துல நாங்க வெட்டிடறோம். அப்புறம் இந்தத் துண்டு சுவருக்குச் சொந்தமில்ல, ஜாக்கி வெச்சித் தூக்கிரலாம்."

"நடுவுல பிட்டு கம்பில மாட்டிச்சின்னா சார்?"

அவர் சவுக்குக் கட்டையைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. மெஷின் முறுக்கிக்கொண்டால் ஒன்று முட்டுக்கட்டையை அடிக்கும், இல்லை பலகையை நகர்த்தும். இரண்டுமே ஒன்றுதான்.

இதற்குள் ஊரில் ஒருவர், "எங்கிட்ட பெரிய மெஷினு கீது, ஒரே அடில தூளாக்கிடும்" என்று வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார். எல்லோரும் பலசாலியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் ஒரு கோணியை விரித்து உட்கார்ந்து, இருந்த ஒரு மெஷினையும் பிரிக்க ஆரம்பித்தேன். பார்த்தவர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உயிரு போவுது, இந்த ஆளு மெஷின் ரிப்பேரு பண்ணிகினு கீறான் பாரு!" என்று ஒருவர் என் காதில் விழும்படியாகவே சொன்னார். எனக்கும் கோபம் வந்தது. "ஆமாய்யா, ரிப்பேர்தான் பண்றேன். தள்ளி நின்னு வெளிச்சத்த விடு" என்றேன்.

தேசம்மா என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கிரீஸில் முழுகிய கிளட்சை வெளியே எடுத்தேன். ஸ்பிரிங்கின் தலையில் நகரிக்காரன் போட்ட இரண்டு வாஷர்கள். நான் அவளைப் பார்த்தேன். அவளே விரலை விட்டு இரண்டையும் உருவி வெளியே போட்டாள்.

நான் அதோடு நிற்கவில்லை. கம்பெனியிலேயே போட்டு வருகிற மெல்லிய வாஷர் ஒன்று உண்டு, அதையும் எடுத்தேன். இதை நீங்கள் செய்யக் கூடாது, காது கேட்கிறதா? கம்பெனி வைத்த அளவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது பலமான மெஷின் இல்லை. கோழைகளிலேயே கோழையான ஒரு மெஷின். கம்பியைத் தொட்டதும் பயந்து கையை எடுத்துவிடுகிற மெஷின். மூடி திருகி, பிட்டைக் கையால் பிடித்துக்கொண்டு தேசம்மாவை லேசாக ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். என் பிடிக்கே கிளட்ச் நழுவியது. போதும் என்று எழுந்தேன். இதையும் செய்து பார்க்காதீர்கள்.

கரண்டை நிறுத்தியிருந்ததால் பந்தல்காரர் ஒருவர் ஜெனரேட்டர் கொண்டுவந்திருந்தார். அதைத் தெருக்கோடியில் வைக்கச் சொல்லி நீளமாக வயர் இழுத்து, நுனியில் சுவிட்ச் உள்ள வயர் பாக்ஸை வைத்தோம். கிளட்ச் சத்தம் காதில் விழ வேண்டும் அல்லவா? கூட்டத்தையும் வாயை மூடச் சொன்னேன். மூடினார்கள், அதுவே பெரிய விஷயம்.

தறிக்காரரின் மனைவி அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் தறிக்காரரிடம் குனிந்து, "பயப்படாதீங்க, மெதுவாதான் ஓட்டுவோம்" என்றேன். அவர் என் வாயையே பார்த்தார். அந்த அம்மா சொன்னார்: "அவருக்குக் காது கேக்காதுங்க. தறிச் சத்தத்துலயே போயிடுச்சி. நான் சொல்றேன்." இரண்டு கையாலும் ஏதோ செய்து காட்டினார். தறிக் கொட்டகைகளில் பேசிக்கொள்கிற சைகை அது, அந்தச் சத்தத்தில் வேறு எப்படிப் பேசுவது? தறிக்காரர் தலையாட்டினார். பிறகு காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் கேட்டார்: "பாவு அறுந்துடுச்சா?"

கால் போகப்போகிற மனிதர் தறியில் நெடுக்காக ஏற்றியிருந்த பாவு நூலைப் பற்றிக் கேட்கிறார். அந்த அம்மா, இல்லை என்று தலையாட்டினார். பொய்தான். பாவு முழுக்கச் சிமெண்டுத் தூளும் கிழிசலும்.

தேசம்மா முட்டி போட்டு முதல் துளையை ஆரம்பித்தாள். 'கிர்ர்ர்' என்று கிளட்ச் கத்தும். உடனே விடுவாள், பிட்டை உருவுவாள், ஒரு விரல் தள்ளி வைப்பாள், மறுபடி ஆரம்பிப்பாள். எந்தச் சத்தம் நாலு பேர் முன்னால் வந்தால் அவளுக்கு அவமானமாக இருந்ததோ, அன்றைக்கு அதே சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை கிளட்ச் நழுவும்போதும் எனக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. அப்பா, விட்டுவிட்டது. பலகை நகரவில்லை. ஒரு சின்ன ஸ்பிரிங், இரண்டு பல் சக்கரம். அவ்வளவுதான் அது. அதற்கு நான் அன்றைக்கு மனசுக்குள் எத்தனை கும்பிடு போட்டேன் என்று எனக்கே தெரியாது.

வரிசை பாதிக்கு மேல் போயிருக்கும். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தறிக்காரரின் வலது உள்ளங்கை தரையிலிருந்து எழுந்தது. அடுத்த நொடி கிளட்ச் கத்தியது. வலியில் கையைத் தூக்குகிறார் என்று நினைத்தேன். அடுத்த துளையில் கை எழவில்லை, கிளட்சும் கத்தவில்லை, பிட் சுகமாக வெளியே வந்தது. அதற்கடுத்ததில் கை எழுந்தது. 'கிர்ர்ர்'.

அந்த அம்மாவின் பக்கம் நகர்ந்து, "அவர் ஏன் கையத் தூக்குறாரு?" என்று கேட்டேன்.

"நிறுத்துன்னு சொல்றாருங்க. தறில அதான் சைகை."

"அவருக்கு எப்படித் தெரியுது?"

அந்த அம்மாவுக்கு என் கேள்வியே புரியவில்லை. இதில் என்ன அதிசயம் என்பதுபோல் சொன்னார்: "தறி ஓடறப்ப செருப்பு போட மாட்டாரு. வெறுங்காலத் தரையில வெச்சிகினு நிப்பாரு. ஊடு நூல இழுக்குற நாடா தப்பப் போவுதுன்னா முன்னாடியே ஓடிப் போய் நிறுத்திடுவாரு. காது இல்லியே, காலாலதான் கேப்பாரு."

பலகை அவர் தொடைமேல் கிடந்தது. பிட் கான்கிரீட்டில் போகிற அதிர்வு அவர் எலும்புக்குள் போய்க்கொண்டிருந்தது. கம்பி பக்கத்தில் வந்ததும் அது மாறுகிறது. நமக்கு மாட்டின பிறகு தெரிகிறது. அவருக்கு மாட்டுவதற்கு முன்னால் தெரிந்தது.

இதை வியந்துகொண்டு நிற்க நேரம் கிடைக்கவில்லை. மெஷினிலிருந்து கருகிய கிரீஸ் வாடை வந்தது. தேசம்மா அழுத்தினாள், கிளட்ச் கத்தியது. தள்ளி வைத்தாள், அங்கேயும் கத்தியது. கம்பியே இல்லாத இடத்தில் கத்துகிறது. நான் அளவுக்கு மீறித் தளர்த்தியதில் பற்கள் தேய்ந்து, வெறும் கான்கிரீட்டுக்கே பயப்பட ஆரம்பித்துவிட்டது.

"ண்ணா, இது இனிமே ஓடாது" என்றாள் தேசம்மா. இன்னும் இரண்டு துளை பாக்கி.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, மழை இருட்டு. சுவரின் விரிசல்மேல் அலுவலர் ஈரக் களிமண்ணை அப்பி வைத்திருந்தார், விரிசல் விரிந்தால் தெரிய வேண்டும் என்று. அது நடுவில் பிளந்திருந்தது. அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மாவட்டத்துல இருந்து பெரிய மெஷின் வர்ற வரைக்கும் இது நிக்காதுங்க."

தேசம்மா உருவிப் போட்ட வாஷர்கள் கோணியில்தான் கிடந்தன. ஒன்றைத் திரும்பப் போட்டால் ஸ்பிரிங் இறுகும், மெஷின் ஓடும். ஆனால் தேய்ந்த பற்களை வாஷர் போட்டு நெருக்கினால் எப்போது நழுவும், எப்போது கடித்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசி இரண்டு துளைகள் விழ வேண்டிய இடமோ கம்பிகள் குறுக்கே ஓடுகிற இடம். மாட்டினால், அந்த மனிதருக்குக் கால் இல்லை. சுவரும் வந்தால் அவருக்கும் தேசம்மாவுக்கும் உயிர் இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் மூளை ரொம்ப வேலை செய்யும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். என் மூளை நின்றுவிட்டது. கண் மட்டும் அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வாய் தானாகச் சொன்னது: "சார், சுவிட்ச அவர்கிட்டயே குடுத்துடலாம்."

"எந்தச் சுவிட்ச?"

"வயர் பாக்ஸ் சுவிட்ச. மெஷினுக்குக் கரண்டு அதுல இருந்துதான் போவுது. கம்பி வர்றது அவருக்கு முன்னாடியே தெரியுது. அவரே நிறுத்தட்டும்."

கூட்டத்தில் யாரோ, "அடிபட்ட ஆளாண்ட போயி..." என்று ஆரம்பித்தார். அலுவலர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், தறிக்காரரைப் பார்த்தார். "கால் அவருது. அவரக் கேளுங்க" என்றார்.

நான் கிளட்சைப் பிரித்து ஒரே ஒரு வாஷரைப் போடுவதற்குள் அந்த அம்மா சைகையில் எல்லாம் சொல்லி முடித்திருந்தார். தறிக்காரர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "குடுங்க" என்றார்.

பாக்ஸை அவர் கைக்குக் கீழே வைத்தேன். அவர் கட்டைவிரலைச் சுவிட்ச்மேல் வைத்து ஒருமுறை போட்டு ஒருமுறை அணைத்துப் பார்த்தார். தறிச் சுவிட்சைப் பழக்கத்தில் தொடுகிற மாதிரிதான் தொட்டார்.

தேசம்மா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். அவர் முகத்துக்கு நேராக, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "இத்தினி வருசம் என் மெஷின எவன் நிறுத்துனாலும் அவன ரெண்டு ஆக்கிடுவேன். இன்னிக்கி நீ நிறுத்து நைனா. நீ சொன்னா சொன்னதுதான்."

அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார்.

முதல் துளை இறங்கியது. நான் மெஷினைப் பார்க்கவில்லை, கட்டைவிரலைத்தான் பார்த்தேன். அது அசையவில்லை. பிட் மறுபக்கம் வந்துவிட்டது. தேசம்மாவின் தாடையிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது. பாதி ஆழம்கூடப் போயிருக்காது. மெஷின் நின்றது. 'கிர்ர்ர்' இல்லை, திமிறல் இல்லை, சும்மா அடங்கி நின்றது. தேசம்மா என் பக்கம் திரும்பி, "கரண்டு பூட்சா?" என்றாள். தெருக்கோடியில் ஜெனரேட்டர் ஓடுவது நன்றாகவே கேட்டது.

"கம்பி" என்றார் தறிக்காரர்.

"தட்டவே இல்லியே நைனா?"

அவருக்கு அது கேட்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "வருது" என்றார்.

தேசம்மா வாதாடவில்லை. பிட்டை உருவி ஒரு விரல் தள்ளி வைத்தாள். அவர் கட்டைவிரல் அசைந்தது, கரண்ட் வந்தது. இந்தத் துளை இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. அடியில் தூள் கொட்டிய சத்தம் கேட்டபோது தேசம்மா அப்படியே பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தோடு எங்கள் வேலை முடிந்தது, இனித் தீயணைப்புக்காரர்கள் வேலை. துளைகளுக்கு நடுவே கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கியதும் பலகை அந்தத் துளை வரிசையிலேயே பிளந்து, இந்தப் பக்கத்துத் துண்டு தனியாக எழுந்தது. சுவர் அப்படியே நின்றது. இரண்டு பேர் அவரை அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். கால் வெளியே வந்தது, நீலம் பாரித்துப் போய். ஆம்புலன்ஸில் வந்த செவிலியர் கால் கட்டைவிரலை அழுத்திக் கிள்ளினார். ஒன்றும் இல்லை. மறுபடியும் கிள்ளினார்.

"ஏம்மா, வலிக்குதும்மா!" என்று கொட்டகையே அதிரும்படி கத்தினார் தறிக்காரர்.

அந்தக் கத்தலைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. வாசலில் நின்ற கூட்டம் சிரித்தது, அழுதது, அரோகரா போட்டது. அவர் மனைவி புருஷனின் பாதத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, ஸ்ட்ரெச்சரில் ஏற்றுகிறவர்கள்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. நான் ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்து, அந்த அம்மாவிடம், "எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்க" என்றேன். அவர் சைகையில் கேட்டார். தறிக்காரர் தொடையைத் தொட்டுக் காட்டினார்.

"கூசுச்சு" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிளட்ச் என்பது மெஷினின் பலவீனம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் சண்டை போடுங்கள், வாடிக்கையாளர் போனால் போகட்டும். இப்போது கையிலிருந்து மெஷின் திரும்புவதை உணர்ந்து தானே நின்றுகொள்கிற எலக்ட்ரானிக் கிளட்சும் வந்துவிட்டது. அதையும் திறந்து பார்த்தேன், வியந்தேன், அதைச் செய்தவர்களுக்குக் கும்பிடு. ஆனால் அதுவும் மெஷின் திரும்ப ஆரம்பித்த பிறகுதான் நிற்கிறது. அதனால் கையில் மெஷின் இருக்கும்போது யாருக்கு அதிர்வு முதலில் தெரிகிறது என்று பாருங்கள். அது நீங்களாக இல்லாவிட்டால், சுவிட்சைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

எல்லோரும் போன பிறகு தேசம்மாவும் நானும் மெஷினை எடுக்க உள்ளே வந்தோம். பிளந்த துண்டு தறிக்குப் பக்கத்தில் கிடந்தது. பிளவு, நாங்கள் பாதியில் விட்ட துளையின் வழியாகவும் ஓடியிருந்தது. அதனால் அந்தத் துளை நெடுக்காக இரண்டாகி, உள்பக்கம் அப்படியே வெளியே தெரிந்தது. தேசம்மா செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். துளையின் அடி முடிகிற இடத்தில் பிட்டின் தடம் வட்டமாக இருந்தது. அதற்குக் கீழே, தோசையின் கனம்கூட இருக்காது, மெல்லிய ஒரு சிமெண்டுத் தோல். அதற்குக் கீழே கம்பி.

தேசம்மா நகத்தால் அந்தத் தோலைச் சுரண்டினாள். தூளாக உதிர்ந்தது. கம்பியில் ஒரு கீறல்கூட இல்லை.